மஞ்சள் பட்டை

"எந்தப் பக்கம்டி திருகணும்?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் தப்பான பக்கம் திருகினான். கூடத்தின் நடுவில், தரைக்கும் கூரைக்கும் இடையே நின்ற எஃகுக் கம்பி இன்னும் ஒரு சுற்று இறுகிக்கொண்டது.

"போச்சு. இனி ஸ்பேனர் இல்லாம கழலாது" என்றாள் சின்னவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் உடலைக் கொண்டுவர இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிய நிமிஷத்திலிருந்து அண்ணனுக்கு அழுகை பாதி, அந்தக் கம்பி பாதி.

"சனம் வந்து இதென்னன்னு கேட்டா என்ன சொல்றது? என் தங்கச்சி இதுல தலைகீழாத் தொங்கி டான்ஸ் ஆடுவான்னா?"

"ஆடி ரெண்டு வருஷம் ஆச்சுண்ணா. அதையும் சேர்த்துச் சொல்லு."

அக்கா வந்தாள். கம்பியை ஒட்டிக் கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள். இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி முன்கவுண்ட்டரில் உட்கார்ந்து "அடுத்தது யாரு?" என்று கேட்ட வாய், லேசாகத் திறந்தபடி இருந்தது. வந்தவர்கள் கம்பியைச் சுற்றிக்கொண்டு போய் அக்காவைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு டீச்சர் மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"சீலிங்குக்கு முட்டுக் கொடுத்திருக்கீங்களா?"

"ஆமாங்க டீச்சர். விரிசல்" என்றான் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அக்கா எழுந்து உட்கார்ந்து சிரித்திருப்பாள். கம்பி வந்த அன்றைக்கு அவளும் சும்மாவா இருந்தாள்? "முப்பத்தேழு வயசுல மரம் ஏறப் போறியா? மூக்குக்கண்ணாடிக் கடையில சம்பளம் பத்தலைன்னா சொல்லு, சர்க்கஸ்ல சேத்து விடறேன்" என்றாள். ஆனால் தொடையில் கன்றிப்போன இடங்களுக்கு மருந்து தடவியதும் அவள்தான். சின்னவள் போனில் பார்த்துப் பார்த்தே கற்றாள். முதல் மாதம் பத்து விநாடி தொங்கினாள். எட்டாவது மாதம் கூரையைத் தொட்டாள். ஒன்றரை வருஷத்தில், வேறு ஊரில் இருந்த ஒரு பயிற்சிப்பள்ளி அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டது. ஆறு மாதம் பயிற்சி, அப்புறம் அங்கேயே கற்றுக்கொடுக்கிற வேலை.

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது கம்பியிலிருந்து விழுந்தாள். கம்பிக்கடியில் விரித்த மெத்தை ஓரம் அக்காதான் பிடித்துக்கொள்ள நின்றாள். போன் அடித்தது, திரும்பினாள், அவ்வளவுதான். வலது தோளில் தசைநார் கிழிந்தது. அதைச் சின்னவள் ஒருநாளும் அக்கா கணக்கில் எழுதியதில்லை. போன் அடித்தால் யார்தான் திரும்ப மாட்டார்கள்?

மத்தியானம் ஆஸ்பத்திரிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். கடைசியில் பிசியோதெரபிஸ்ட் தயங்கித் தயங்கி வந்து, அக்காவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சமையலறை வாசலில் இருந்த சின்னவளிடம் வந்தார். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாதவர்கள் தங்களுக்குத் தெரிந்த தொழிலைப் பேசுவார்கள்.

"கை எப்படிம்மா இருக்கு? கறுப்புக்கு வந்துட்டீங்களா?"

"கறுப்பா?"

"ரப்பர் பட்டைம்மா. மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு. கறுப்பை இழுக்க முடிஞ்சா கம்பியில ஏறலாம்னு எழுதிக் கொடுத்தேனே."

"மஞ்சள்லதான் இருக்கேன்."

அவர் சிரித்துவிட்டு, இடம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். "மஞ்சள் ஆறு வாரத்துக்குத்தானே. எழுபது வயசுப் பாட்டியெல்லாம் இழுக்கும் அதை."

"அந்தக் கையில இனிமே உடம்பு வெயிட்டே ஏத்தக்கூடாதுன்னு நீங்க சொன்னதா..."

"நானா? யாரு சொன்னது?"

சின்னவள் கூடத்துப் பக்கம் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"ஸ்கேன்ல சுத்தமா ஆறியிருந்துச்சும்மா" என்றார் மெதுவாக. "அடுத்த கட்டத்துக்கான பேப்பரு, மூணு பட்டை, எல்லாம் அவங்க கையிலதான் கொடுத்தேன். ஒரு மாசம் கழிச்சுக் கேட்டப்ப, அவளுக்குப் பயம் வந்துடுச்சு சார், விட்டுட்டான்னாங்க. நானும் வற்புறுத்தலை."

"எப்போ கொடுத்தீங்க?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசி. அவங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுதே, ஹார்ட் டாக்டரைப் பார்த்துட்டு இருந்தாங்களே, அந்தச் சமயம். தனியா இருக்காதீங்கன்னேன். தங்கச்சி இருக்கா சார், அவ எங்கேயும் போறதா இல்லைன்னாங்க..." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்மா."

"டீ குடிக்கிறீங்களா?" என்றாள் சின்னவள்.

வேண்டாம் என்று அவர் போன பிறகும் அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தை வைத்தாள். புகை போக ஜன்னலைத் திறக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். ஜன்னல் கொக்கி உடைந்துபோய், கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பச்சை ரப்பர் பட்டையால் கட்டியிருந்தது. கட்டியவள் அக்கா. "எங்கேருந்துக்கா?" என்று கேட்டதற்கு, "ஆஸ்பத்திரியில குப்பைக்குப் போனது, ரப்பர் ரப்பர்தானே" என்றாள். ஒன்றரை வருஷமாகத் தினம் காலையில் அதை அவிழ்த்துத் திறந்தது சின்னவள்தான். மிக்ஸி மூடி நழுவாமல் இருக்கச் சுற்றியிருந்தது சிவப்பு. கறுப்பு எங்கே என்று தெரியவில்லை.

தினம் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து உடைகூட மாற்றாமல் அக்கா நாற்காலியில் உட்காருவாள். சின்னவள் மஞ்சள் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி இழுப்பாள். "எட்டு... ஒம்போது... முழங்கையை ஒட்டி வை... பத்து. போதும். அதுக்கு மேல வேண்டாம், டாக்டர் திட்டுவார்." நடுநடுவே அக்காவுக்கு மூச்சு வாங்கும். லிஃப்ட் பாதி நாள் ஓடாது, மூன்று மாடி ஏறி வந்த களைப்பு என்று சின்னவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். பயிற்சிப்பள்ளிக்கு வரமுடியாது என்று எழுதிய கடிதத்தில் பிழை திருத்திக் கொடுத்ததும் அக்காதான்.

நெஞ்சு சரியில்லை, போகாதே என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்?

பாத்திரத்தில் தண்ணீர் வற்றிக் கருகத் தொடங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"கல்யாணம்கூட வேண்டாம்னுட்டு உன்னைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க" என்றார் டீச்சர், அவள் முதுகைத் தடவி.

"ஆமா டீச்சர். வெளியே விடவே இல்லை."

அண்ணன் திரும்பி முறைத்தான். டீச்சர் அதற்கும் சேர்த்து அழுதார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை, படியில்தான் இறக்க வேண்டும். வந்தவர்கள் இரண்டே பேர். அண்ணனோடு மூன்று. நாலாவது ஆளாக வரவேண்டிய டிரைவர் இடுப்பில் பெல்ட்டைக் காட்டினார். "டிஸ்க் போயிடுச்சுங்க. வண்டி மட்டும்தான் ஓட்டுவேன்."

பெஞ்சில் இருந்த ஆண்களைப் பார்த்து அண்ணன் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் போய் முன்பக்கத்து வலது பிடியைப் பிடித்தாள்.

"நீ விடுடி. உன் கையி..."

"கை நல்லாத்தான் இருக்கு."

"அக்கா என்ன சொல்லுவா?"

"சொல்லட்டும்."

அக்காவைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டித் தூக்கினார்கள். அவள் எடை கொஞ்சம்தான். கடைசி ஆறு மாதத்தில் இன்னும் கரைந்திருந்தாள், அதையும் கவுண்ட்டர் வேலை என்றுதான் சொன்னாள். முன்னால் போகிறவர்கள் படி இறங்க இறங்கப் பிடியை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். சின்னவளின் கை இடுப்பிலிருந்து மார்புக்கு வந்தது. மார்பிலிருந்து தோளுக்கு. இரண்டு வருஷமாகத் தலை சீவக்கூட அவள் அந்தக் கையை அதற்கு மேல் தூக்கியதில்லை.

இரண்டாம் மாடித் திருப்பம் குறுகல்.

"கைப்பிடிச் சுவருக்கு மேல தூக்கித் திருப்பணும்" என்றார் வண்டியோடு வந்தவர்களில் பெரியவர். "அம்மா, உங்க பக்கம்தான் நல்லாத் தூக்கணும். முடியுமா?"

சின்னவள் தூக்கினாள். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால். ஸ்ட்ரெச்சரின் கால்மாடு சுவரைத் தாண்டித் திரும்பியது.

"அவ்வளவுதான், தாண்டியாச்சு. இறக்குங்க."

மற்ற மூன்று மூலைகளும் இறங்கின. அவள் மூலை இறங்கவில்லை. போர்வைக்குள் அக்கா ஒருபக்கமாகச் சாய்ந்தாள்.

"அம்மா, இறக்கலாம்" என்றார் பெரியவர் மறுபடியும்.

"இறக்குடி, கை போயிடப் போகுது" என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

சின்னவள் தன் கையை அண்ணாந்து பார்த்தாள். முழங்கை நேராக இருந்தது. நடுங்கவில்லை. படியில் மூன்று ஆண்கள் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.