மூடிக்காரரை யாராவது தோற்கடியுங்கள்

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, என் அக்கா என் தலையில் கட்டியது. அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஆண்டு மலர் போடுகிறார்கள். "பணத்தால நட்பை வாங்க முடியாதுன்னு ஒரு கதை எழுதிக் குடுடி. ரெண்டு பக்கம் போதும். கடைசியில நீதி இருக்கணும்" என்றாள். நீதியை இப்போதே சொல்லிவிட்டாயே, பிறகு கதை எதற்கு என்று கேட்டேன். "பக்கம் காலியா கிடக்கு, அதுக்கு" என்றாள். இதைவிட நேர்மையான காரணத்துக்காக யாரும் இலக்கியம் படைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, தொடங்குகிறேன்.

ஓர் ஊரில் ஒரு பணக்காரர் இருந்தார். அவருடைய மாளிகையில் எல்லாமே இருந்தன, ஒன்றைத் தவிர

(அடித்துவிட்டேன். 'ஒன்றைத் தவிர' என்று எழுதியதுமே மீதிக் கதை உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் கொட்டாவி வந்துவிட்டது.)

பத்து விரலிலும் மோதிரம் மின்ன, அந்தப் பணக்காரர் காரைவிட்டு இறங்கி

(இதையும் அடித்துவிட்டேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த அக்கா, "பத்து விரல்லயும் மோதிரம் போட்டா மனுஷன் எப்படிடி சட்டைப் பொத்தான் போடுவாரு" என்று கேட்டாள்.)

2

உண்மையைச் சொன்னால், எனக்குப் பணக்காரர் எவரையும் நெருக்கமாகத் தெரியாது. எனவே இவரை நானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. தொழில், மூடி. தண்ணீர்ப் புட்டி, மருந்துப் புட்டி, எண்ணெய்ப் புட்டி என்று எதை நீங்கள் திருகித் திறந்தாலும் அந்த மூடி இவருடைய தொழிற்சாலையில் பிறந்ததாக இருக்கலாம். அந்தத் தொழிற்சாலையை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, இப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் தூரதேசத்தில் இருக்கிறாள், அடிக்கடி போன் செய்வாள், பாசமாகத்தான் பேசுவாள். அவளைக் கெட்டவளாக்கி ஒரு பக்கத்தை நிரப்ப எனக்கு மனமில்லை.

நண்பர்களுக்குப் பஞ்சமே இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஒரு படையே வரும். கடற்கரை விடுதிக்கு வரும், படகுச் சவாரிக்கு வரும், எல்லாவற்றுக்கும் வரும். ஒரே ஒரு குறை. அவர் ஜோக் சொன்னால், ஜோக் முடிவதற்குள் சிரித்துவிடுவார்கள்.

முதலில் தன்னுடைய ஜோக் அவ்வளவு நன்றாக இருக்கிறதென்று நினைத்தார். பிறகு சந்தேகம் வந்தது. ஒருநாள் விருந்தில் வேண்டுமென்றே பாதியில் நிறுத்திப் பார்த்தார்.

"ஒருத்தன் மூடி வாங்க வந்தான். வந்தவன் என்கிட்ட என்ன கேட்டான்னா..."

அவ்வளவுதான் சொன்னார். மேசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. ஒருவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். மூடிக்காரர் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை பேருக்கு நடுவில் தனக்கென்று ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்று வீட்டுக்குப் போய் அழுதார். இதை நான் நாசூக்காகச் சொல்லியிருக்கலாம், ஆனால் அழுதார் என்பதுதான் விஷயம்.

* அந்த ஜோக்கின் மீதி என்ன என்று கேட்காதீர்கள். நான் யோசித்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால்தான் அவரைப் பாதியில் நிறுத்தச் சொன்னேன்.

3

அக்கா கேட்டது கலகலப்பான மலருக்கு ஒரு கதை. ஆகவே அவருடைய கண்ணைத் துடைத்துவிட்டு வெளியே நடக்க வைக்கிறேன்.

சாயங்காலம். இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக்கடை, ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. அதன் அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பந்து துள்ளி வந்து அவர் செருப்பில் மோதுகிறது. பின்னாலேயே ஒரு குரல் வருகிறது.

"யாருங்க அங்க? பந்தை எடுத்துட்டு உள்ள வாங்க. ஓடிப் பிடிக்க இங்க யாருக்கும் மூச்சில்ல."

குனிந்து உள்ளே போனார். பகலெல்லாம் துணி மடிக்கும் இரண்டு மேசைகளை நீளவாக்கில் பக்கம் பக்கமாக ஒட்டிப் போட்டு, குறுக்கே ஹேங்கர்களைக் கோத்த கம்பியை வலையாகக் கட்டி, டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர். கடையை நடத்தும் பெண்மணி, அவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். இஸ்திரி போடும் அவருடைய தம்பி. வேலை முடிந்து சீருடையோடு வந்திருக்கும் பஸ் டிரைவர்.

"நாலாவது ஆள் வேலை மாத்திப் போயிட்டாரு. ஆடத் தெரியுமா?" என்றார் கேப்டன்.

"காலேஜ்ல ஆடினது."

"அப்ப தெரியாதுன்னு வச்சுக்கலாம். அந்தப் பக்கம் நில்லுங்க."

அந்த மேசைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒன்று மற்றதைவிட ஒரு விரல்கடை உயரம். இரண்டும் சேரும் இடத்தில் பந்து விழுந்தால் எந்தத் திசையில் பாயும் என்று பந்துக்கே தெரியாது. அதற்குப் 'படி' என்று பெயர். படியில் பட்ட பந்து யாருக்குப் புள்ளி என்பதற்குச் சட்டம் எதுவும் கிடையாது, யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்களுக்கு. ஆட்டத்தில் பாதி நேரம் ஆட்டம், மீதி நேரம் சண்டை.

(இங்கே எனக்கு ஒரு பயம் வந்தது. கேப்டனைத் தங்கமான மனசுக்காரியாக எழுதிவிடுவேனோ என்று. எழுதவில்லை, கவலைப்படாதீர்கள். கேப்டன் அளாப்புவார். கூசாமல் அளாப்புவார். எதிராளி பந்தை எடுக்கக் குனிந்த நேரத்தில் தன் கணக்கில் ஒரு புள்ளியைக் கூட்டிக்கொள்வார்.)

மூடிக்காரர் படுதோல்வி அடைந்தார். தொழில் என்ன என்று தெரிந்ததும் கேப்டன் விடவில்லை.

"ஊருக்கெல்லாம் மூடி போட்ட கையா இது? ஒரு பந்தைத் தடுக்க வரலையே. யோவ் மூடி, நாளைக்காவது கண்ணைத் திறந்துட்டு வாய்யா."

நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மூடிக்காரர் வீடுவரை சிரித்துக்கொண்டே நடந்தார்.

4

இப்படியே நாலு பத்தி சந்தோஷமாக எழுதி முடித்துவிடலாம். ஆனால் மனிதர் சும்மா இருப்பாரா? அன்பு பொங்கினால் இவருக்குத் தெரிந்தது ஒரே வழி. வாங்குவது.

ஒரு காலையில் சலவைக்கடை வாசலில் வேன் வந்து நின்றது. போட்டிகளில் போடுகிற அசல் மேசை, கருநீலம், வழவழவென்று இறங்கியது. உள்ளே இடமில்லை. பழைய மேசைகளில் ஒன்று பின்சந்துக்குப் போனது, ஒன்று சுவரில் சாய்ந்தது. பகலில் துணி மடிக்க வேறு இடம் ஏது? புது மேசைமேல் கீறல் விழாமல் போர்வை விரித்து, அதன்மேல் மடித்தார்கள். ஈரம் படக் கூடாது, இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் வரக் கூடாது. தம்பி தரையில் உட்கார்ந்து வேலை செய்தார்.

சாயங்காலம் மூடிக்காரர் துள்ளிக்கொண்டு வந்தார். டிரைவர் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"நீங்களே ஆரம்பிங்க சார்" என்றார் கேப்டன்.

சார். அவர் வலையில் அடித்த பந்துக்கு, "பரவாயில்ல சார், நல்ல முயற்சி" என்றார்கள். மேசை ஒரே மட்டமாக இருந்ததால் சண்டைபோட எதுவும் இல்லை. கேப்டன் ஒரு புள்ளிகூட அளாப்பவில்லை. ஆடிய எல்லா ஆட்டத்திலும் மூடிக்காரர் ஜெயித்தார். எல்லோரும் கைதட்டினார்கள், அந்தக் கைதட்டலை அவர் விருந்து மேசைகளில் நிறையக் கேட்டிருக்கிறார்.

5

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். இவரை எப்படி மீட்பது?

முதல் யோசனை: சொத்தையெல்லாம் தானம் செய்துவிட்டு வெறுங்கையோடு வருகிறார். அக்கா உடனே, "ஏன், பணம் என்ன பாவம் பண்ணுச்சு? வயசான காலத்துல மருந்துக்கு நீயா குடுப்ப?" என்றாள்.

இரண்டாவது: அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி மூவரும் நின்று கண்கலங்க

(வேண்டாம். ஒருவரோடு சேர்ந்து விளையாடுவதற்கு அவர் சாகக் கிடக்க வேண்டுமா என்ன?)

மூன்றாவது யோசனை வருவதற்குள், நான் அனுப்பாமலே மூடிக்காரர் கிளம்பிச் சலவைக்கடைக்குப் போய்விட்டார். கதைமாந்தர்கள் தானாக நடந்தார்கள் என்று எழுத்தாளர்கள் சொல்லும்போதெல்லாம் கதை விடுகிறார்கள் என்று நினைப்பேன். சரி, நானும் விடுகிறேன்.

நடுப்பகல். கேப்டன் போர்வையின் மேல் சட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ஏன் விட்டுக்குடுத்தீங்க?"

"யாரு சார் விட்டுக்குடுத்தா? நீங்க நல்லா ஆடினீங்க."

"நான் ஆடின லட்சணம் எனக்குத் தெரியும்."

கேப்டன் காலரை நீவினார்.

"இவ்ளோ பெரிய மேசை வாங்கிக் குடுத்தவரை எப்படி சார் தோக்கடிக்கிறது? கை வர மாட்டேங்குது. திட்டலாம்னு வாயைத் திறக்கறேன், மேசை கண்ணுல படுது."

"அப்ப நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

"குடுத்ததைத் திருப்பி எடுத்தா நாங்க உங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆகும். நாளைக்கு நீங்க வர மாட்டீங்க. வந்தாலும் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

மேசையை விட்டுவைக்கவும் முடியாது, எடுத்துப்போகவும் முடியாது. தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று மூடிக்காரருக்குத் தெரிந்தது.

"வாங்குறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார் கேப்டன்.

"கேக்கல."

"அதான்."

"இப்ப கேக்கறேன். இந்த மேசை உங்களுக்கு வேணுமா?"

கேப்டன் மேசையைப் பார்த்தார். தரையில் முதுகு வளைந்து உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார்.

தொழிற்சாலை வைத்த நாளிலிருந்து மூடிக்காரரிடம் யாரும் இப்படி நேராக அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவருக்குக் கோபம் வரும் என்றுதான் நான் எழுத இருந்தேன். மனிதர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேப்டன் முதலில் பயந்து, பிறகு தானும் சிரித்து, "எனக்கு மொதல்லயே பிடிக்கல, நீலக் கலரு வேற" என்றார்.

6

பஸ் டிப்போவில் ஓய்வறை காலியாகக் கிடக்கிறது, டிரைவர்கள் கொண்டாடுவார்கள் என்று டிரைவர் சொன்னார். அன்று சாயங்காலமே நான்கு பேரும் மேசையைத் தெருவில் தூக்கிப்போனார்கள். வேன் வைக்கலாமே என்று மூடிக்காரர் வாயெடுத்தார், மூன்று பேரும் முறைத்ததில் அடங்கிவிட்டார்.

"யோவ் மூடி, உன் பக்கம் சாயுது, தூக்குய்யா."

"தூக்கிட்டுத்தான்மா இருக்கேன். தம்பி நடுவுல சும்மா தொட்டுட்டு வர்றாரு."

"நான் பேலன்ஸ் பண்றேன்ணே."

டிப்போவில் இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, முழங்கையில் சிராய்ப்போடு கடைக்குத் திரும்பி, பழைய மேசைகளை ஒட்டிப் போட்டார்கள்.

அக்கா, உன் நீதி கதையில் எங்கேயோ நடந்துவிட்டது. தனியாக எடுத்து அச்சடிக்க முடியாது, மன்னித்துக்கொள்.

7

இப்போது கடைசி ஆட்டம். இரண்டு பக்கமும் சமம், ஒரே ஒரு புள்ளி பாக்கி. கேப்டன் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இந்த ஆளைத் தோக்கடிக்காம நான் வீட்டுக்குப் போறதில்ல" என்கிறார். மூடிக்காரர் சிரித்துக்கொண்டே பந்தை மேலே போட்டு அடிக்கிறார். அது வலையைத் தாண்டி

"ஜெயிச்சாரா?" என்கிறாள் அக்கா.

அவரை ஜெயிக்கவைக்கத்தான் எனக்கும் ஆசை. கை துறுதுறுக்கிறது. எவ்வளவு பட்டுவிட்டார், ஒரு புள்ளிதானே, கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் கொடுத்தால், அவருக்கு விட்டுக்கொடுக்கும் கூட்டத்தில் நானும் ஒரு ஆளாகிவிடுவேன். ஆகவே பேனாவை மூடிவைக்கிறேன். அடுத்த வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்.

அவர்மேல் தயவுசெய்து இரக்கப்படாதீர்கள்.