அக்கரையில் விட்டு வந்த பிள்ளை

கெங்கம்மாள் பிறந்தது மலாயாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில். அவள் புருஷன் விருத்தாசலம் மயிலத்துக்கு மேற்கே ஒரு சேரியிலிருந்து பதினெட்டு வயதில் கப்பலேறிப் போனவன். கல்யாணமாகி அங்கேயே அம்சா பிறந்தாள். 1941 ஆனியில், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரிலிருந்து அவன் தம்பி எழுதியிருந்தான். மூன்று பேரும் போய் வரலாம் என்றான் விருத்தாசலம். கெங்கம்மாள் ஒப்பவில்லை.

“நாம ரெண்டு பேரும் போய்ட்டு வருவோம். புள்ள இங்கியே இருக்கட்டும்.”

“பேத்தியப் பாக்கணும்னு கெழவரு கேட்டிருக்காரு.”

“போன தபா பாத்தாரே. அப்ப என்னா ஆச்சு, மறந்துட்டீங்களா?”

அவன் மறக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தபோது அம்சாவுக்கு வயது ஆறு. ஊர்க் கிணற்றில் சேரிக்காரர்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது, குட்டைத் தண்ணீர்தான். எட்டாம் நாள் குழந்தைக்குப் பேதி கண்டு கண் செருகிவிட்டது. வண்டி கிடைக்காமல் பாதி வழி அவளைத் தோளில் போட்டுக்கொண்டே திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பிழைத்தது மறுபிறப்பு.

தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் இருந்தது. கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. வாரம் தவறாமல் அரிசி. அம்சா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் படித்தாள். அங்கேயும் துரையின் ஏச்சு உண்டு, கங்காணியின் பிரம்பு உண்டு. விடியுமுன் எழுந்து, ஈரத்தில் நின்று ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டி, கெங்கம்மாளின் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. ஆனால் ஒரு குடம் தண்ணீருக்கு யார் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

அம்சாவை, அதே தோட்டத்திலிருந்த தன் தம்பி கண்ணையன் வீட்டில் கெங்கம்மாள் விட்டாள். “மூணே மாசம்தான். மாமாவப் பேஜாரு பண்ணாம இரு,” என்றாள். அம்சா அழவில்லை. தாத்தாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

கிழவர் புரட்டாசியில் கண்ணை மூடினார். காரியமெல்லாம் முடிந்து திரும்பிப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்த கார்த்திகையில் மலாயாவில் சண்டை வந்துவிட்டது. கப்பல் நின்றது. மாசியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. திண்டிவனம் தபாலாபீசில், அந்தப் பக்கம் கடிதம் போகாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் மாசம் ஒருமுறை நடந்துபோய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

நாலு வருஷம் அப்படிப் போயிற்று. கெங்கம்மாள் மல்லாட்டைக் கடலை பிடுங்கினாள், நாற்று நட்டாள், குட்டைத் தண்ணீர் குடித்தாள். துணி கிடைக்காத வருஷத்தில் அவளும் ஓரகத்தி தையல்நாயகியும் வெளியே போக ஒரே சேலையை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். கேப்பைக் கூழும் இல்லாத நாட்களில் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், இந்தப் பாடு அம்சாவுக்கு இல்லை என்பதுதான்.

“ஜப்பான்காரன் வந்துட்டானே, அங்க எப்படி இருக்குதோ,” என்பான் விருத்தாசலம்.

“எவன் வந்தா என்னா? பால் வெட்ட ஆள் வேணுமில்ல. ஆளுக்குச் சோறு போட்டுத்தான ஆவணும்?”

களை எடுக்கும்போது பெண்கள் அந்த ஊரைப் பற்றிக் கேட்பார்கள். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுவதையும், நர்ஸம்மா வீடு வீடாக வந்து குழந்தைகளின் நாக்கைப் பார்ப்பதையும் அவள் சொல்லுவாள். சொல்லும்போதெல்லாம் அம்சா அந்தக் குழாயடியில் நிற்பது தெரியும். அதற்காகவே மறுபடி மறுபடி சொன்னாள்.

சண்டை ஓய்ந்து கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியபின், 1946 சித்திரையில் கண்ணையனிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை நாகப்பட்டினம் ரயிலில் வருகிறேன், விழுப்புரத்துக்கு வந்து நில்லுங்கள். வேறு ஒரு வரி இல்லை.

“புள்ளையக் கொண்டாந்து விடத்தான் வர்றான்,” என்றாள் கெங்கம்மாள். அம்சாவுக்கு இப்போது பதினைந்து வயது. அந்த வயதுப் பெண் ஒருத்தியை நிறுத்தி அளவெடுத்து, திண்டிவனத்தில் ஒரு ரவிக்கை தைத்து வாங்கினாள்.

விழுப்புரம் ஜங்ஷனில் மத்தியானம் ரயில் வந்து நின்றது. கண்ணையனை முதலில் அடையாளம் தெரியவில்லை, அத்தனை மெலிந்திருந்தான். அவன் இறங்கிய பெட்டிக்குள் கெங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். யார் யாரோ இறங்கினார்கள்.

“அம்சா எங்கடா?”

“உக்காரு அக்கா.”

“எங்கடா?”

“அவ போயி ஒண்ணரை வருசம் ஆவுது. எழுத மனசு வரல. நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்.”

விருத்தாசலம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணையன் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனான். “அரிசியே இல்ல மாமா. மரவள்ளிக் கெழங்குதான். சாக்குத் துணியக் கட்டிக்கினு கெடந்தோம். என்னை சயாம்ல ரயில் ரோடு போடப் புடிச்சிக்கினு போயிட்டாங்க. திரும்பி வந்து பாத்தா புள்ள இல்ல. காலுல புண்ணாம், அப்புறம் காய்ச்சலாம். ஆஸ்பத்திரி இருந்துது, மருந்து இல்ல. எம் பொண்டாட்டிதான் கடைசி வரைக்கும் கூட இருந்தா.”

“ஏதாச்சும் சொன்னாளா?” என்றான் விருத்தாசலம்.

“ஊர்ல மல்லாட்டை இருக்குது, கூழு இருக்குது, எங்கம்மா வயிறாரச் சாப்பிட்டுக்கினு இருப்பாங்கன்னு சொல்லுவாளாம். நல்லவேளை அவங்க இங்க இல்லன்னு.”

கெங்கம்மாள் கேட்டது ஒன்றுதான்: “தண்ணி குடுத்தாங்களா, கடைசில?”

“குடுத்தாங்கக்கா.”

அதன்பிறகு மலாயாவைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. தோட்டங்களில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள், ஆனால் முன்பு அங்கே இருந்தவர்கள் மட்டும்தான் போகலாம் என்று விருத்தாசலம் கேள்விப்பட்டு வந்து சொன்னபோது மட்டும், “போலாம். அவளப் பொதைச்ச எடத்தப் பாக்கணும்,” என்றாள்.

1947 தை மாதம், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் தையல்நாயகி தன் மகள் ஜெயத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜெயத்துக்கு ஒன்பது வயது. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது.

“இவள உங்க பொண்ணுன்னு சொல்லிக் கூட்டிக்கினு போங்கக்கா. சண்டைதான் ஓஞ்சி போச்சே. கொழாத் தண்ணி, பள்ளிக்கூடம், சோறு, எல்லாம் நீங்க சொன்னதுதான? இங்க இருந்து இவ என்னத்தக் கண்டா?”

கெங்கம்மாள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கணுக்காலில் சேற்றுப் புண் ஆறாமல் இருந்தது.

“நான் சொன்னதெல்லாம் நெசந்தான் தையலு. ஆனா கூட்டிக்கினு போமாட்டேன். நீ குடிக்கிறத அவளும் குடிக்கட்டும். வர்றதா இருந்தா ரெண்டு பேரும் சேந்து வாங்க.”

“எங்களை எவன் கப்பல்ல உடுவான்?” என்றாள் தையல்நாயகி. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மயிலம் ஸ்டேஷனுக்கு வழியனுப்பவும் வரவில்லை.

ரயிலில் விருத்தாசலம், “அந்தப் புள்ளையக் கூட்டியாந்திருக்கலாம். நல்லாருந்திருப்பா,” என்றான்.

ஜெயத்தை விட்டு வந்தது சரிதானா என்று விழுப்புரம் தாண்டியும் கெங்கம்மாள் யோசித்துக்கொண்டிருந்தாள்.