மிச்ச தூரம்

அவரை ‘அட்மிரல்’ என்று கூப்பிட ஆரம்பித்தது மனைவியின் தம்பிதான். காப்பீட்டுக் கம்பெனியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய படகு ஒன்றை வாங்கிய கையோடு தங்க நங்கூரம் தைத்த தொப்பியும் வாங்கினால் வேறெப்படிக் கூப்பிடுவது? அது கிண்டல் என்பது அவர் ஒருவருக்குத்தான் உறைக்கவில்லை.

போன வாரம் படகில் புதுக் கருவி ஒன்றைப் பொருத்தினார். என்ஜின் எவ்வளவு டீசல் குடிக்கிறது, இருப்பதை வைத்து இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று சின்னத் திரையில் காட்டும். சிக்கனத்துக்காக வாங்கியது. அதன் அருமையைத் தெருவிலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் விளக்குவதற்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்க விரிகுடாவில் வட்டமடித்ததில் டாங்கில் இருந்த டீசல் முக்கால்வாசி தீர்ந்தது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் மனைவியிடமிருந்து போன். முதல் வேலையில் சேரப் போகும் மகளை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போயிருந்தாள்.

“கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டா உங்க பொண்ணு. குளியலறை ஜன்னல்ல இருக்காம். நாலு மணிக்குக் கப்பல்!”

கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது அப்பாவா தூணா என்று மகளுக்குத் தெரியாது. பேச ஆரம்பித்தால் கண்டுபிடித்துவிடுவாள். எந்தத் தூணும் அவ்வளவு நேரம் பேசாது. ஆனால் நாளைக் காலையில் புது ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்ன செய்வாள்?

சாலை விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு போகும். அதில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. குறுக்கே கடல்தான் வழி. அட்மிரல் தொப்பியை மாட்டினார்.

சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த மச்சான் எழுந்து, ஒரு கையில் கண்ணாடிக் கூடும் மறு கையில் பிஸ்கட் டப்பாவுமாகப் பின்னாலேயே வந்தான்.

“நீ ஏறினா அஞ்சு கிலோமீட்டர் குறையும்டா.”

“குறையட்டும் அத்தான். மருமக ஊருக்குப் போறா, பாக்க வேணாமா?”

படகுத்துறையில் டீசல் போடும் இடம் சாப்பாட்டு நேரம் என்று பூட்டிக் கிடந்தது. “கவலையே இல்ல,” என்றார் அட்மிரல். “முப்பது கிலோமீட்டருக்கு டீசல் இருக்கு. போக வேண்டியது இருபது. கணக்குன்னா கணக்கு!”

முப்பது என்பது படகு மெல்ல ஊர்ந்தபோது போட்ட கணக்கு. வேகத்தைக் கூட்டியதும் திரையில் எண் சரியத் தொடங்கியது. இருபத்தைந்து. இருபது. துறைமுகத்துக்கு இன்னும் பதினெட்டு இருக்கும்போது மிச்ச தூரம் பதினைந்து. மெதுவாகப் போனால் டீசல் போதும். ஆனால் கப்பல் போய்விடும். வேகமாகப் போனால் நடுக்கடலில் நின்றுகொண்டு கப்பலுக்குக் கையாட்டலாம். அட்மிரலின் தொப்பிக்குள் வியர்த்தது.

பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்த மச்சான் பிஸ்கட்டைக் கடித்தபடி சொன்னான்: “படகு ஏன் அத்தான் மூக்க இப்படித் தூக்கிட்டுப் போகுது? வாங்கினவர் ஜாடையா?”

“வாய மூடு. ஒண்ணுமே தெரியல எனக்கு முன்னாடி.”

“நான் பாத்துச் சொல்றேன்.” மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல முன்னால் போய் உட்கார்ந்தான். படகின் மூக்கு தாழ்ந்தது. திரையில் பதினைந்து பதினெட்டானது.

கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அட்மிரல் அதைத் தட்டினார். “ஒரு தடையும் இல்ல,” என்று சொல்ல மச்சான் பின்னால் வந்தான். மூக்கு மறுபடி மேலே. எண் மறுபடி கீழே.

அப்போதுதான் விளங்கியது. மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டு போகிற படகுதான் டீசலை அப்படிக் குடிக்கிறது. முன்னால் கனம் வேண்டும். பத்து வருஷமாகத் தண்டச் சுமை என்று யாரைச் சொல்லிக்கொண்டிருந்தாரோ, அவன்தான் இருப்பதிலேயே கனம்.

“மச்சான்... கொஞ்சம் முன்னாடியே உக்காரேன். காத்து நல்லா வரும்.”

“இங்கயே வருதே.”

அட்மிரல் தொண்டையைச் செருமினார். “நீ முன்னாடி இருந்தாத்தான்டா போய்ச் சேர முடியும்.”

“என்ஜின் சத்தத்துல கேக்கல அத்தான்.”

“நீ வேணும்டா!”

“அப்படிச் சொல்லுங்க!”

முன்னால் போய் உட்கார்ந்த பிறகு மச்சானால் பேச முடியவில்லை. ஒவ்வொரு அலையும் அவன் முகத்தில்தான் உடைந்தது. பிஸ்கட் கரைந்தது. பல் அடித்துக்கொண்டது. அட்மிரல் கையசைத்துப் பின்னால் வரச் சொன்னபோதுகூட, கண்ணாடிக் கூட்டைப் பத்திரமாகச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்ததில் அட்மிரல் திரையைப் பார்க்க மறந்தார். துறைமுகச் சுவரைத் தொட்டபோது அதில் ஒன்று என்றிருந்தது.

கப்பலின் ஏணிப்படியருகே ஊழியரிடம் மகள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். “ஒரே நிமிஷம் சார், அதோ வந்துட்டாங்க!”

மாமாவின் ஈரக் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு அவனைக் கட்டிக்கொண்டாள்.

“நாங்கதான்னு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்றார் அட்மிரல்.

“தொப்பியெல்லாம் தெரியலப்பா. முன்னாடி மாமா உக்காந்திருந்தாரே, அது கண்ணாடி இல்லாமயே தெரிஞ்சுது.”

கப்பல் கிளம்பியது. மனைவி வந்தபடியே சாலை வழியாகத் திரும்பினாள். டாங்கை நிரப்பிக்கொண்டு படகில் திரும்பும்போது மச்சான் பழக்கத்தில் பின்பக்கம் போனான்.

“இங்க வாடா,” என்று அட்மிரல் தன் இருக்கையைக் காட்டினார். வேறு யாரையும் அதில் உட்கார விட்டதில்லை.

“டீசல்தான் நிறைய இருக்கே அத்தான்?”

“இருக்கட்டும். உக்காரு.”

அது ஒருவர் உட்காரும் இருக்கை. மச்சான் உட்கார்ந்தபின் அதில் மிச்சமே இல்லை. தொப்பியை எடுத்து அவன் ஈரத்தலையில் கவிழ்த்துவிட்டு, வீடு வரைக்கும் அட்மிரல் நின்றுகொண்டே ஓட்டினார்.