உதிராத முடி

குளியலறையில் தண்ணீர் அன்றும் தேங்கி நின்றது. அழகு நிலையம் நடத்தும் அம்மா அடைப்புக்குள் கம்பியை விட்டு இழுத்தாள். ஈரமான கரும்பந்து ஒன்று செத்த எலியைப் போலக் கூடவே வந்தது. எல்லாம் மகளுடைய முடி.

மகளுக்கு வயது பதினைந்து. வீட்டில் வாயாடி என்று பெயர். கொஞ்ச நாளாக அந்த வாய்க்குப் பூட்டு. மதிப்பெண் சரிந்தது, தூக்கம் போனது, வீட்டுக்குள்ளும் தலையில் தொப்பி.

"எண்ணெய மாத்திப் பாக்கலாம்டி," என்று அம்மா புதுப் புட்டியை நீட்டினாள். ஊரார் தலையையெல்லாம் சரிசெய்பவளுக்கு வேறென்ன தோன்றும்? மகளோ தலையைத் தொடவே விடவில்லை.

"இந்த வயசுல உனக்கென்னம்மா கவலை?" என்று சிரித்தார் அம்மாவின் அண்ணன். "போனை வாங்கி உள்ள வைங்க, எல்லாம் தானா சரியாயிடும்."

வாயாடியின் கை மெல்லத் தொப்பிக்குள் போனது.

கடை விடுமுறையன்று அவளாகவே அழகு நிலையத்துக்கு வந்து கண்ணாடி முன் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றினாள்.

"மொத்தமா மழிச்சுடும்மா."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"தெரியலம்மா. அதான் பயமா இருக்கு. முடி இருந்தா என் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அம்மா விளக்கை இழுத்துப் பார்த்தாள். நோயில் கொட்டிய இடம் வழவழவென்றிருக்கும். இங்கே குட்டையும் நெட்டையுமாக அறுந்த முளைகள். உதிர்ந்ததல்ல, அவளே பிடுங்கியது. மழிக்காமல், மறுநாளே மகளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

மனநல மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "திமிர்ல செய்யலம்மா. இந்த வயசுல மூளையில உணர்ச்சி பொங்கற பகுதி முந்திக்கும். அதைக் கட்டுப்படுத்தற நெத்திப் பக்கம் முழுசா வளர இருபத்தஞ்சு வயசு வரைக்கும்கூட ஆகும். ஓயாத பதற்றமும் தூக்கமின்மையும் சேர்ந்தா பிள்ளை எப்படித் தாங்கும்? சிகிச்சை இருக்கு. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா..."

வெளியே அண்ணன் காத்திருந்தார். "என்ன எண்ணெய் எழுதிக் குடுத்தாங்க?"

"எண்ணெய் இல்லண்ணா. நான் தலைக்கு வெளியவே வைத்தியம் பாத்துட்டிருந்தேன். கால் ஒடிஞ்சா தூக்கிட்டு ஓடறோம், மனசு ஒடிஞ்சா திமிருன்னு திட்டறோம். இனிமே எந்தப் பிள்ளைகிட்டயும் 'உனக்கென்ன கவலை'ன்னு சிரிக்காதீங்க. 'என்ன பண்ணுது'ன்னு கேளுங்க. கேட்டுட்டு, டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க."

அண்ணன் வாயாடியிடம் திரும்பினார். "என்ன பண்ணுதும்மா?"

வாயாடியின் கை மறுபடியும் தொப்பியை நோக்கி எழுந்தது. அம்மா அதைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.