கையெழுத்துப் போட ஆளில்லை

மார்லிஸ் டுஃப்ரேன் இருபத்தோரு வருஷம் அமெரிக்க ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தாள். நாற்பத்திரண்டு வயதில், சார்ஜென்டாக ஓய்வு பெற்றபோது ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் அவள் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. திருத்தித் தர எட்டு மாதமாகும், அப்போது வேறோர் எழுத்து குறைந்து வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வெளியேறுகிறவர்களுக்கு ஒரு வாரம் வகுப்பு நடந்தது. டை கட்டிய ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுத்தார். 'லாரி ரிப்பேர் செய்தேன்' என்று மார்லிஸ் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'பல்துறைத் தீர்வுகளை முன்னின்று நடத்தினேன்' என்று மாற்றினார்.

"அப்ப லாரிங்கிற வார்த்தையே வராதா?"

"வந்தா உங்கள மெக்கானிக்னு நெனச்சிருவாங்க."

"நான் மெக்கானிக்தான்."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

முதலில் ஒரு கார் விற்பனைக் கடையின் பட்டறைக்குப் போனாள். மேலாளருக்கு இருபத்தேழு வயதிருக்கும். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டான்.

"மணல் புயல்ல பதினாலு டன் லாரிக்கு இன்ஜின் மாத்தியிருக்கேன்."

"சரி, அதுக்குச் சான்றிதழ்?"

"லாரி ஓடிச்சு."

சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஹார்லன் ஃபால்ஸ் ஊரின் பள்ளிக்கூட பஸ் கொட்டகையில் வேலை கிடைத்தது. பழைய மெக்கானிக் புளோரிடாவுக்குப் போய் வெயிலில் உட்கார்ந்துவிட்டான். நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் பனிக்காலத்தை இருபது முறை பார்த்தவனை யாரும் குறை சொல்ல முடியாது. பஸ்களுக்குப் பொறுப்பாளர் கார்டன் பெல்கி. பெரிய தொப்பை, நல்ல மனசு, எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற சுபாவம்.

"பஸ் பாத்திருக்கியா?" என்று கேட்டார்.

"சக்கரம் எத்தனை?"

"ஆறு."

"பாத்திருக்கேன்."

வேலை உறுதியாகிவிட்டது. மொத்தம் பதினான்கு பஸ். மார்லிஸ் ஒவ்வொன்றின் அடியிலும் படுத்து, தட்டி, சுரண்டி, ராணுவத்தில் செய்கிற மாதிரியே காகிதத்தில் எழுதினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினோரு காகிதங்களைக் கார்டன் மேஜையில் வைத்தாள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி; பட்டாளத்தில் அதற்கு வண்டியை எடுக்கக் கூடாது என்று அர்த்தம். கார்டன் அவற்றின் மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டு, அமெரிக்காவில் செப்டம்பரில் வருகிற தொழிலாளர் தின விடுமுறைக்கு மீன் பிடிக்கப் போனார்.

புதன்கிழமை பள்ளி திறப்பு. காலை ஐந்தரைக்கு டிரைவர்கள் வந்தார்கள். சாவிப் பலகையில் மூன்று சாவிகள் தொங்கின.

வாண்டா லஷோம் முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறவள். பலகையை ஒரு தடவை பார்த்தாள், மார்லிஸை ஒரு தடவை பார்த்தாள்.

"மத்த சாவியெல்லாம் எங்கம்மா?"

"என் டூல் பெட்டியில."

"பெட்டி சாவி?"

"என் பாக்கெட்ல."

"ஓகோ," என்றாள் வாண்டா. மடக்கு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். இன்றைக்கு நன்றாக இருக்கப்போகிறது என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

கார்டன் ஆறு மணிக்கு ஓடி வந்தார். "மார்லிஸ்! என்ன விளையாட்டு இது? ஏழு மணிக்குப் பிள்ளைங்க ரோட்ல நிக்கும்!"

"வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்தேனே."

"அந்தக் காகிதமா? அத நான் ஏதோ சாமான் லிஸ்ட்டுன்னுல்ல நெனச்சேன். இந்த பஸ்செல்லாம் பன்னெண்டு வருஷமா ஓடுதும்மா!"

மார்லிஸ் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸின் அடியில் படுத்து, அடிச்சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினாள். அது கேக்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பனியை உருக்கச் சாலையில் கொட்டுகிற உப்பு பன்னிரண்டு குளிர்காலமாக இரும்பைத் தின்றிருந்தது. துரு பொலபொலவென்று அவள் முகத்தில் கொட்டியது.

"பிரேக் குழாயும் இப்படித்தான். தொட்டுப் பாக்கிறீங்களா?"

"வேணாம்," என்றார் கார்டன். தொடாதவரைக்கும் அது நன்றாக இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

அதற்குள் பள்ளிக் கண்காணிப்பாளர் டாக்டர் ஸ்டைல்ஸ் வந்துவிட்டார். முதல் நாளுக்கென்று பள்ளிச் சின்னமான கரடிப் படம் போட்ட டை கட்டியிருந்தார்.

"நீங்க வேலைக்குச் சேந்து எத்தனை நாளாச்சு?"

"எட்டு நாள் சார்."

"எட்டு நாள்ல பதினோரு பஸ்ஸ நிறுத்தியிருக்கீங்க."

"ஆறு நாள்ல சார். ரெண்டு நாள் பயிற்சி வீடியோ பாத்தேன்."

"சாவியக் கொடுங்க."

"கொடுக்கிறேன் சார்." மார்லிஸ் ஒரு காகிதத்தை நீட்டினாள். "பட்டாளத்துல சிவப்புக் குறி போட்ட வண்டிய எடுக்கணும்னா அதிகாரி கையெழுத்துப் போடணும். 'பழுது எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் எடுக்கச் சொல்றேன்'னு. நீங்களும் போடுங்க, உடனே சாவி. பஸ்ஸுக்கு ஒண்ணு, மொத்தம் பதினோரு கையெழுத்து."

டாக்டர் ஸ்டைல்ஸ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். காகிதத்தைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பேனாவின் தலையை நாலைந்து தடவை டக் டக்கென்று அழுத்தினார்.

"இத வக்கீல் பாக்கணும்," என்றார்.

மார்லிஸ் காகிதத்தைக் கார்டன் பக்கம் திருப்பினாள்.

"நான் கண்ணாடி கொண்டு வரலியே," என்றார் கார்டன். கண்ணாடி அவர் நெற்றிக்கு மேல் இருந்தது.

வாண்டா முட்டையை மென்றபடியே கேட்டாள், "ஓட்டப்போறவ நான். நான் போடட்டுமா?"

"உங்களுக்கு அதிகாரம் இல்லம்மா," என்றாள் மார்லிஸ்.

"அது தெரிஞ்ச கததான்."

ஏழு மணிக்குப் பள்ளி இரண்டு நாள் தள்ளி வைக்கப்பட்டதாக ஊர் முழுக்கத் தொலைபேசியில் செய்தி போனது.

மார்லிஸ் கழிப்பறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். சுத்தமாக இருந்த கையையே திரும்பவும் கழுவினாள். வாண்டா பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"இப்படிக் கையெழுத்துக் கேக்கிற அளவுக்கு யாரு ஏமாத்தினா உன்ன?"

மார்லிஸ் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள். காந்தஹாரில் ஒரு லெஃப்டினன்ட் அவசரப்படுத்தினான். பிரேக் சரியில்லை என்றாள். 'நான் பாத்துக்கிறேன், எடு' என்று வாயால் சொன்னான். எடுக்க விட்டாள். இறக்கத்தில் லாரி நிற்கவில்லை. அதை ஓட்டிய டீக் என்கிற பையனுக்கு இரண்டு காலும் நொறுங்கின. விசாரணையில் லெஃப்டினன்ட், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றான்.

"அந்தப் பையன்?"

"ஒஹாயோவுல தரைவிரிப்பு விக்கிறான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவான். நல்லா இருக்கேன்னு எழுதுவான். அதத்தான் என்னால படிக்க முடியல."

வாண்டா கை துடைக்கிற காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்து அவளிடம் கொடுத்தாள்.

ஊர் அந்த இரண்டு நாளும் மார்லிஸைப் பற்றியே பேசியது. கடையில் ஒரு பெண்மணி வேண்டுமென்றே தள்ளுவண்டியால் அவள் கணுக்காலில் இடித்துவிட்டு, மன்னிப்பும் கேட்டாள். வீட்டில் பதினாறு வயது மகள் ப்ரைடி வேறு சேதி வைத்திருந்தாள்.

"ம்மா, இந்த ஊருக்கு வந்து மூணு மாசம் ஒருத்தர் என்கூடப் பேசல. இப்ப நாப்பது பேரு பிரெண்டு. மிச்ச மூணு பஸ்ஸயும் கொஞ்சம் நல்லாப் பாக்கச் சொல்லுன்னு ஒருத்தன் கேக்கிறான்."

"அது மூணும் சரியா இருக்கு."

"தெரியும்மா. நீ இன்னொரு தடவ பாரேன்னு சொல்றேன்."

வியாழக்கிழமை மாநிலப் பரிசோதகர் வந்தார். பெயர் வ்ரூமன். ஒல்லியான மனிதர், பிளாஸ்க்கில் சொந்தத் தேநீர் கொண்டுவருகிறவர். காலை முதல் மூன்று மணி வரை பதினோரு பஸ்களுக்கு அடியிலும் போய் வந்தார். மார்லிஸ் விறைப்பாக ஓரத்தில் நின்றாள்.

"ஒன்பது பஸ் அசையவே கூடாது," என்றார். "இத இவ்வளவு நாள் யாரு பாத்தான்னு கேட்டு எழுதப்போறேன்."

கார்டன் தன் காலணியைப் பார்த்தார்.

"ஆனா நாலாம் நம்பரும் பன்னெண்டாம் நம்பரும் எதுக்கும்மா நிறுத்தின?"

"நாலுல ஜாக் இல்ல."

"ஸ்கூல் பஸ்ல ஜாக் வேண்டாமே. டிரைவர் டயர் மாத்த மாட்டாங்க, போன் பண்ணுவாங்க."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

மார்லிஸ் அதைக் குறித்துக்கொண்டாள். "பன்னெண்டுல ஆயில் சொட்டுது. பட்டாளத்துல சொட்டினா வண்டி நிக்கணும்."

"இங்க சொட்டினா அடியில ஒரு அட்டை போடுவாங்க," என்றார் வ்ரூமன். "கேஸ்கட் வாங்கி வை. சனிக்கிழமை மாத்திக்கோ. அதுவரைக்கும் ஓடட்டும்."

ஒன்பது சரியாகச் சொன்னதில் அவளுக்குப் பெருமை தோன்றவில்லை. தப்பாகச் சொன்ன இரண்டும்தான் குடைந்தன. இருபத்தோரு வருஷம் கற்றதில் பதினொன்றுக்கு இரண்டு இங்கே செல்லாது. வேறு எதெல்லாம் செல்லாதோ.

பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்களை இரவல் வாங்கி, வெள்ளிக்கிழமை பள்ளி திறந்தது. அடுத்த வாரம் மார்லிஸுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு கடிதங்கள். ஒன்பது பஸ்களுக்காக நன்றிக் கடிதம், இரண்டு பஸ்களுக்காகக் கண்டனக் கடிதம். இரண்டிலும் டாக்டர் ஸ்டைல்ஸ் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கு வக்கீல் தேவைப்படவில்லை போலும்.

கார்டன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை துடைத்து வைத்திருந்தது.

"இனிமே இந்த மாதிரின்னா எங்கிட்ட முன்னாடியே சொல்லு."

"சொன்னேனே."

"காகிதத்துல சொன்ன. நான் காகிதம் படிக்கிற ஆளு இல்ல, அது என் தப்புதான். நீ வாயாலயும் சொல்லும்மா. வந்து உக்காரு, திட்டு, மேஜையத் தட்டு. அப்பத்தான் எனக்கு ஏறும்."

வாயால் சொன்னதை நம்பி ஒரு தடவை பட்ட பாடு போதும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் இந்த ஆள் அந்த லெஃப்டினன்ட் இல்லை. தன் தப்பைத் தானே ஒத்துக்கொள்கிற அதிகாரியை இருபத்தோரு வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. அதனால் இரண்டையும் செய்வது என்று முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை கார்டன் அறைக்குப் போனாள். காகிதத்தை வைத்தாள். பழக்கமில்லாத வேலை என்பதால் கொஞ்சம் தயங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏழாம் நம்பர்ல முன்பக்க ஸ்பிரிங் லேசாத் தேஞ்சிருக்கு."

கார்டன் காகிதத்தைத் தொடவில்லை. அவளையே பார்த்தார். "நீ என்ன நெனக்கிற?"

ஓடுமா ஓடாதா என்றுதான் அவளிடம் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். என்ன நினைக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"ரெண்டு வாரம் தாங்கும்னு நெனக்கிறேன். சாமான் வர்ற வரைக்கும் தினம் காலையில நானே பாத்துக்கிறேன்."

"அப்ப சரி," என்றார் கார்டன். "காபி குடிக்கிறியா?"

குடித்தாள். மோசமான காபி. அதையும் வாயால் சொன்னாள்.