சுத்தப் பெற்றோல்

அந்த மோட்டார் சைக்கிள் ஆயிரத்து எண்பது மைல் ஓடியிருந்ததா, ஆயிரத்து நூற்றெண்பதா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. வருடமும் அறுபத்தைந்தோ அறுபத்தாறோ. சொன்னவர்களும் ஆளுக்கொரு விதமாகத்தான் சொன்னார்கள். ஆனால் கதிர்காமநாதன் வெட்கப்பட்டதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முத்தையன்கட்டில் காணி எடுத்தவர்களுக்குள் அவருக்கென்று ஒரு மரியாதை இருந்தது. யாருடைய தண்ணீர் இறைக்கிற மெசின் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காதைக் கொடுத்துக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். 'மெசின்காரர்' என்பதே அவருடைய பேராகிவிட்டது. அந்தப் பேர் அவருக்கு விளைந்த வயலைவிடப் பெரிது.

தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து கச்சு முகம்மது வண்டிலில் கருவாடும் பலசரக்கும் கொண்டுவந்து விற்கிறவர். நாட்டு வைத்தியம் செய்கிற ஒரு பரியாரியார் சில மாதங்கள் ஓடி, வாய்க்காலுக்குள் விழுந்து பயந்து, சாக்கால் மூடி வைத்துவிட்ட மோட்டார் சைக்கிள் அவர் கைக்கு வந்தது. எட்டு வருடப் பழசு; ஓட்டமோ சொற்பம். கதிர்காமநாதன் அதை உதைத்து, கண்ணை மூடிக் கேட்டார். புது இஞ்சின் மாதிரி இருந்தது. விலை பேசி முடித்தாயிற்று.

புறப்படும்போது கச்சு முகம்மது ஒன்று சொன்னார்.

"தம்பி, இதுக்கு ஒயில் தனிய விடுறேல்ல. பெற்றோலோட கலந்துதான் ஊத்தோணும். மறந்திடாதேங்கோ."

சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அவர் மனைவி சிவனேஸ்வரியும் நின்றாள். மெசின்காரருக்கு ஒரு கருவாட்டு வியாபாரி படிப்பிப்பதா?

"கலப்படம் எல்லாம் உங்கட சரக்கோட இருக்கட்டும் நானா. எனக்கு மெசின் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். கச்சு முகம்மதுவும் சேர்ந்து சிரித்தார்.

கதிர்காமநாதன் அதை யோசிக்காமலும் விடவில்லை. அவர் பழகிய மண்ணெண்ணெய் மெசின்களுக்கு ஒயில் தனியாக, அடியில் விடுவது. ஒயிலைக் கலந்து எரிப்பது தேய்ந்த இஞ்சினின் சத்தத்தை அமுக்கத்தான் என்று அவர் முடிவு செய்தார். ஆயிரம் மைல் ஓடிய இஞ்சினுக்கு அது எதற்கு? தாங்கியில் இருந்த கலவை தீர்ந்ததும் சுத்தப் பெற்றோலாக நிரப்பினார். ஒரு துளி ஒயில் கலக்கவில்லை.

சிவனேஸ்வரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போகும் வழியில் இஞ்சின் ஒரு கிறீச்சலோடு இறுகியது. பின்சில்லு பூட்டிக்கொள்ள, இரண்டு பேரும் கிரவலில் விழுந்தார்கள். சிவனேஸ்வரியின் முழங்கை உரிந்து இரத்தம் வழிந்தது. ஓடிவந்தவர்கள் மெசின்காரரைத் தெரிந்தவர்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

"மீற்றரைத் திருப்பி வித்துப்போட்டான் துலுக்கன்," என்றார் அவர். இஞ்சினை இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கழற்றிப் பார்த்தார். பிஸ்டன் கோடு கோடாகக் கீறி, எண்ணெய்ப் பசையே இல்லாமல் வறண்டு கிடந்தது. ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அவர் எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டினார்.

மத்தியானம் சோறு போடும்போது சிவனேஸ்வரி கேட்டாள்:

"அந்த நானா சொன்னமாதிரி ஒயில் கலந்தனீங்களோ?"

"ஓம்."

அவள் கட்டுப் போட்ட கையால் குழம்பை ஊற்றினாள். பிறகு அதைப்பற்றி அவள் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம் என்று அவருக்குப் பின்னாளில் தோன்றியதுண்டு.

கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. ஊர்ச் சங்கத் தலைவர் அப்புத்துரை ஒரு தீர்ப்புச் சொன்னார்: திங்கட்கிழமை வற்றாப்பளைக் கோயிலில் அம்மாள் முன்னால் மெசின்காரர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், முகம்மது காசைத் திருப்பிக் கொடுக்கட்டும். கதிர்காமநாதன் தலையாட்டினார். அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொய்ச் சத்தியம் செய்தவனின் குடும்பத்தில் அம்மாள் அம்மை முத்துப் போடுவாள் என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். உண்மையைச் சொன்னாலோ, மெசின்காரர் என்ற பேர் அன்றோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை கச்சு முகம்மது வண்டிலோடு வந்தார். அப்புத்துரையும் வேறு சிலரும் கூட வந்தார்கள். கச்சு முகம்மது தாங்கி மூடியைத் திறந்து விரலை விட்டார். நனைந்த விரலைப் பெருவிரலோடு தேய்த்தார். காய்ந்துபோயிற்று, வழுவழுப்பே இல்லை. நிமிர்ந்து கதிர்காமநாதனைப் பார்த்தார். கதிர்காமநாதன் மாட்டைப் பார்த்தார்.

அங்கே நின்றவர்களுக்கு அது விளங்கவில்லை. கச்சு முகம்மது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும்.

"ஒரு இரும்புக்காக அம்மாளை ஏன் இழுப்பான். சத்தியம் வேண்டாம்," என்று மடியிலிருந்து காசை எடுத்து நீட்டினார்.

கதிர்காமநாதன் கையை நீட்டினார். அந்தக் கணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அப்புத்துரை, "குற்றமில்லாதவன் காசைத் திருப்பிக் குடுப்பானோ?" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். கதிர்காமநாதன் காசை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். கச்சு முகம்மது மோட்டார் சைக்கிளை வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து கச்சு முகம்மதுவுக்கு 'மீற்றர் நானா' என்று பேர். அவருடைய தராசையும் சந்தேகித்தார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு அவர் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். ஒருமுறை முள்ளியவளைச் சந்தியில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். "தங்கச்சிக்குக் கைக் காயம் மாறிட்டுதோ?" என்று மட்டும் அவர் கேட்டார். கதிர்காமநாதன் ஓம் என்று சொல்லிவிட்டு, தான் போகவேண்டிய பஸ்ஸை விட்டு வேறு பஸ்ஸில் ஏறினார்.

கச்சு முகம்மது அந்த இஞ்சினைத் திருத்தி ஏழு வருடம் தானே ஓடினார், எழுபத்தெட்டில் மௌத்தானார். அப்புத்துரை காணியை விற்றுவிட்டு யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போனார். சிவனேஸ்வரி மகளோடு செட்டிகுளத்தில் இருந்து இறந்தாள். கதிர்காமநாதன் கடைசி வரை ஊராரின் மெசின்களைத் திருத்தினார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.