அலை உடையாத இடம்

அண்ணிக்கு ஓட்டலில் இஸ்திரி போடும் வேலை. நாள் முழுக்க வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. கணவன் பஸ் ஓட்டுகிறவன். வந்ததும் கட்டையைக் கிடத்திவிடுவான். அவனுடைய தங்கையைக் குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பள்ளியில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குட்டி அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. குழாய் ஒழுகுது, பால் பொங்குது, அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

ஒரு விடுமுறை நாளில் மூவரும் கடற்கரைக்குப் போனார்கள். கணவன் மணலில் படுத்து முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டான். இருபுறமும் அலைகள் வெள்ளையாகப் புரண்டு விழ, நடுவில் ஒரு சந்து மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கலங்கிய பச்சையாக அடங்கிக் கிடந்தது. நீச்சல் தெரியாத அண்ணிக்கு அதுதான் பத்திரமான இடமாகப் பட்டது. இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள். காலடியில் மணல் கரைந்தது. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போலத் தண்ணீர் அவளை மெல்ல நகர்த்தியது. கால் தரையைத் தேடியது. தரை இல்லை.

கடலுக்குள் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அது கரையை விட்டு வெளியே போகிற ஆறு.

குட்டி பார்த்துவிட்டுப் பாய்ந்து வந்தாள். பதற்றத்தில், பள்ளியில் தானே சொல்லிக்கொடுக்கிற பாடம் அவளுக்கு மறந்துபோனது. அண்ணியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு கரையை நோக்கி மூச்சைப் பிடித்து நீந்தினாள். கரை தள்ளித் தள்ளிப் போனது. கை ஓய்ந்த பிறகுதான் நிதானம் வந்தது.

"இதோட மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்ல அண்ணி. மல்லாக்கப் படுங்க, நான் பிடிச்சுக்கறேன். விடற வரைக்கும் கூடவே போவோம்."

அண்ணி படுத்தாள். காது தண்ணீருக்குள் போனதும் உலகம் அடங்கியது. கரையோரத்தில் அவள் வேலை செய்யும் ஓட்டல் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்திருந்தது. பயம் இருந்தது, ஆனால் பக்கத்து அறையில் யாரோ பயந்துகொண்டிருப்பது போல இருந்தது. மேலே மேகங்கள் கசங்கிக் கிடந்தன. அவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது.

குட்டியின் குரல் வெகு தூரத்திலிருந்து கேட்டது. "உங்க மேல எனக்குக் கோவம் அண்ணி."

"தெரியும்."

"நீங்க வந்ததுல என் ரூம் போச்சு. அவ்ளோதான். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

அண்ணி சிரித்தேவிட்டாள். வாய் நிறைய உப்புத் தண்ணீர் போய் இருமினாள். குட்டி அவள் தலையை உயர்த்திப் பிடித்தபடி தானும் சிரித்தாள்.

அலைகளுக்கு அப்பால் ஆற்றின் பிடி தானாகத் தளர்ந்தது. குட்டி கரைக்கு இணையாக, பக்கவாட்டில், சாவகாசமாகக் காலை உதைத்தாள். அலை வெள்ளையாக உடைகிற இடம் வந்ததும் கரைப்பக்கம் திரும்பினாள். அலைகள் இருவரையும் உருட்டிப் புரட்டி மணலில் கொண்டுவந்து போட்டன.

விழுந்த இடத்திலேயே குட்டி தூங்கிப்போனாள். அண்ணி அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு வெயில் அவள் முகத்தில் படாதபடி நகர்ந்து உட்கார்ந்தாள்.

தூரத்தில் கணவன் தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடுவது தெரிந்தது. அண்ணி எழுந்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவன் மூச்சிரைக்க ஓடிவந்து வாயைத் திறந்தான்.

"மெதுவா பேசுங்க," என்றாள் அண்ணி. "குட்டி தூங்கறா."